குழி எடுத்த சீட்

வீரணக் கோனார் இறந்து, காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குத் திரும்பிப்போன பிறகு ஒரு சாயங்காலம், வாசல் சுவரில் சாத்தியிருந்த அவருடைய பால் சைக்கிளின் சீட்டுக்கு அடியில் இருந்த இரண்டு ஸ்பிரிங்குகளும், யாரும் ஏறாமலேயே, கிரீச்சென்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு மெல்ல அமுங்கின. வாசல் கூட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ராக்கம்மாள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அது அவர் சாயங்காலப் பாலுக்குக் கிளம்புகிற நேரம். "இன்னைக்காச்சும் வெள்ளன வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தாள்.

தோல்ஷாப் தெருவில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுக்காரர் மட்டும் வந்து பார்த்து, கோனார் கனத்த ஆள், சுவரில் சாத்தி வைத்தால் சறுக்கிவிடும் என்று சொல்லி, சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். மூத்த மகன் மறுநாள் அந்த நேரத்துக்குச் சைக்கிளை அரிசி மண்டிக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தராசில் ஏற்றினான். சைக்கிளின் எடையைக் கழித்ததும் மிஞ்சியது, நோய் வந்து இளைப்பதற்கு முன்னால் கோனார் இருந்த எடை. "அப்பாவுக்கு உடம்பு தேறிருச்சும்மா" என்று வீட்டுக்கு வந்து சொன்னான். அன்றைக்குத்தான் ராக்கம்மாள் முதல் தடவையாக அழுதாள்.

பிறகு அது தெரு முழுக்க நடந்தது, தெருவைத் தாண்டித் திண்டுக்கல் முழுக்க நடந்தது. செத்தவர்கள் வந்தார்கள். ஆனால் எல்லாரும் வரவில்லை, எல்லாவற்றிலும் வரவில்லை. ரெக்சின் சீட்டில் வரவில்லை, ரப்பர் சீட்டில் வரவில்லை, கட்டிலிலும் நாற்காலியிலும் வரவில்லை. பழைய தோல் சீட்டில், அதுவும் வருஷக்கணக்காக ஒரே ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த உடம்பின் அளவுக்குத் தோல் பள்ளம் விழுந்துபோன சீட்டில் மட்டும் வந்தார்கள். பேசவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அவரவருக்குப் பழகிய நேரத்துக்கு வந்து, அவரவர் எடையை இறக்கிவைத்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போனார்கள்.

சீட்டில் விழுகிற அந்தப் பள்ளத்துக்குத் தொழிலில் குழி என்று பெயர். திண்டுக்கல்லில் குழி எடுப்பதற்கு இஞ்ஞாசியை விட்டால் வேறு ஆள் கிடையாது.

ஊரில் குழி எடுப்பது என்றால் மண்ணைத் தோண்டுவது. இஞ்ஞாசியின் பட்டறையில் குழி எடுப்பது என்றால் பள்ளத்தை இல்லாமல் ஆக்குவது. கொடைக்கானல் பங்களாக்காரர்களும், புதுச்சேரியில் விடுதி வைத்திருப்பவர்களும், பழைய சைக்கிளாகச் சேர்த்து வைத்திருக்கும் கோயம்புத்தூர் ஆட்களும், அப்பன் பாட்டன் காலத்துச் சீமைச் சீட்டுகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரைத் தேடி வருவார்கள். வெடித்துப்போன, வற்றிப்போன, நடுவில் தொட்டில் மாதிரி தொங்கிப்போன சீட்டுகள். இஞ்ஞாசி ரிவிட்டைத் தட்டி எடுத்துத் தோலைச் சட்டத்திலிருந்து பிரிப்பார், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுவார், தோல் காது மடலைப் போல இளகியதும் வேப்பங்கட்டையில் செதுக்கிய அச்சின்மேல் இழுத்துப் பிடித்துக் கயிறு கட்டுவார், மாட்டுக் கொம்பை வைத்துத் தேய் தேய் என்று தேய்ப்பார், நிழலில் காயவைப்பார், விளக்கெண்ணெய் பூசுவார், திரும்பச் சட்டத்தில் செம்பு ரிவிட் வைத்து அடித்து, சீட்டின் முன்நுனியான மூக்குக்கு அடியில் இருக்கிற போல்ட்டைத் திருகி விறைப்பேற்றுவார். வந்தவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். "யாருமே உட்காராத மாதிரி இருக்கணும்." இஞ்ஞாசி கொடுக்கிற சீட் அப்படித்தான் இருக்கும். அதில் யாருமே உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

குழி விழுந்த பிறகும் அவர் கை படாத ஒரே தோல் சீட் அவர் மகளுடையது.

பவுலின் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தாள். கேரியரில் முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு, மேடும் பள்ளமுமான அந்தச் சாலையில் ஒரு முட்டைகூட விரிசல் விடாமல் போய் வருவாள். சின்ன வயதில் படியில் விழுந்து உடைந்த இடுப்பெலும்பு சரியாகச் சேரவில்லை. அதனால் உட்கார்ந்தால் இடப்பக்கம் கொஞ்சம் சாய்வாள். சீட்டின் குழியும் இடப்பக்கம் சாய்ந்தே விழுந்திருந்தது. அவள் ஏறினால் இடப்பக்கத்து ஸ்பிரிங் முதலில் இறங்கும், வலப்பக்கத்து ஸ்பிரிங் யோசித்துவிட்டு அப்புறம் கொஞ்சமாக இறங்கும். இஞ்ஞாசியின் கண்ணுக்கு அது தினமும் உறுத்தியது.

"குடுத்துட்டுப் போம்மா. ரெண்டே நாள்ல குழிய எடுத்து நேராக்கித் தர்றேன்."

"சும்மா இருப்பா. ஊர்ல எனக்குன்னு ஒழுங்கா அமைஞ்சது அந்தக் குழி ஒண்ணுதான்."

"கோணலா இருக்குடி."

"நானும் கோணல்தான். ரெண்டுக்கும் பொருந்திப் போச்சு. நீ நடுவுல வராத."

பள்ளிக்கூடத்திலிருந்து மூன்றரைக்கு வருவாள். வந்தால் இரண்டு தடவை பெல்லடிப்பாள், இறங்க மாட்டாள். வாசற்படியில் இடது காலை ஊன்றிக்கொண்டு சீட்டில் இருந்தபடியே அம்மாவிடம் காப்பி வாங்கிக் குடிப்பாள். சீனி அள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முகத்தைச் சுளித்து டம்ளரைத் திருப்பிக் கொடுப்பாள். "குதிரைல வந்த மகராணிக்குக் காப்பி" என்று திரேசம்மாள் திட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி சீனி கொண்டுவருவாள்.

ஆடியில் காய்ச்சல் வந்து பவுலின் இறந்தாள். கோனார் இறப்பதற்கும், சீட்டுகளில் ஆட்கள் திரும்பி வரத் தொடங்குவதற்கும் முன்னால் நடந்தது இது. வீட்டில் அவளைக் கிடத்தியிருந்தபோது, கல்லறைத் தோட்டத்தில் மண்வேலை பார்க்கிற அருளாந்து வாசலில் வந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "மாமா, குழி எடுத்துரட்டுமா?" என்று கேட்டான்.

இஞ்ஞாசி தலையைத் திருப்பிச் சுவரோரம் நின்ற மகளின் சைக்கிளைப் பார்த்தார். "வேணாம்ப்பா, அவ எடுக்க விடமாட்டா" என்றார்.

துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று சுற்றி இருந்தவர்கள் அருளாந்துவைக் கண்ணாலேயே அனுப்பிவைத்தார்கள். அவன் போய்க் குழி எடுத்தான். நல்ல ஆழமாக, நான்கு பக்கமும் நேராக எடுத்திருந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஏழாம் நாள் பூசை முடிந்த மறுநாள் திரேசம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். பட்டறையில் இஞ்ஞாசி தனியாக இருந்தார். செய்வதற்கு வேலை எதுவும் இல்லை, செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. எதிரே சைக்கிள் நின்றது. இத்தனை வருஷம் கோணலாகவே உட்கார்ந்துகொண்டு போய்விட்டாளே என்று அவருக்குத் தோன்றியது. இனிமேலாவது அவளுக்கு நேராக உட்கார ஓர் இடம் இருக்கட்டும் என்று தோன்றியது. அதற்குமேல் அவர் எதையும் நினைக்கவில்லை, கைதான் நினைத்தது. ரிவிட்டைத் தட்டி எடுத்தது, தண்ணீரை இளஞ்சூடாக்கியது, ஊறப்போட்டது, அச்சில் கட்டியது, தேய்த்தது. தன் ஆயுளில் அவ்வளவு சுத்தமாக அவர் ஒரு சீட்டைச் செய்ததில்லை. இரண்டாம் நாள், காய்ந்த பிறகு பூட்டி, மெழுகிட்டுத் துடைத்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

திரேசம்மாள் வந்து பார்த்தாள். சீட்டின்மேல் கையை வைத்துத் தடவினாள். இடப்பக்கம் தடவினாள், வலப்பக்கம் தடவினாள்.

"யாரு சீட்டு இது?" என்றாள்.

"நம்ம பவுலியோடதுதான். குழி எடுத்துட்டேன். இப்ப நேரா இருக்கு பாரு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அடுப்படிக்குப் போனாள். இரண்டு மாதம் கழித்து வீரணக் கோனாரின் ஸ்பிரிங் அமுங்கியது.

அதற்குப் பிறகு தெருவில் பரணில் ஏறாதவர்கள் இல்லை. விறகுக்கு அடியில் கிடந்ததையும், கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்ததையும், பழைய இரும்புக்காரனிடம் போட்டதையும் தேடிப்பிடித்து, நூலாம்படையோடு இஞ்ஞாசியிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் வந்தது ராக்கம்மாள்.

"இஞ்ஞாசி, ஓரத்துல தோலு விட்டுப்போச்சு. தைச்சுக் குடு. குழிய மட்டும் தொட்றாத, உனக்குப் புண்ணியமாப் போகும். தொட்டேன்னு வையி, அந்த மனுசன் எங்க போயி உக்காருவாரு? அதுக்கப்புறம் உன் வீட்டுத் திண்டுலதான் வந்து உக்காருவாரு, பீடியும் நீதான் வாங்கிக் குடுக்கணும்."

அவள் சிரித்துவிட்டு, இஞ்ஞாசியின் பின்னால் நின்ற பவுலினின் சைக்கிளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

இஞ்ஞாசி தொடாமல் செய்தார். தோலை நனைக்காமல் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி அழுக்கெடுத்தார். கிழிசலுக்கு அடியிலிருந்து மெல்லிய தோல் வைத்து ஒட்டினார். மேலே எண்ணெய் போட்டால் குழி இளகிவிடும் என்று அடிப்பக்கமாகப் போட்டார். வேலை முடியும்வரை சீட்டுகளைப் பட்டறைக்குள் ஓர் இரும்புப் பைப்பில் வரிசையாகப் பூட்டி வைத்திருந்தார். அந்தந்த நேரத்துக்கு அந்தந்தச் சீட் கிரீச்சென்று அமுங்கும். விடியற்காலை பேப்பர் போடுகிறவர், பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் பியூன், மத்தியானம் ஐஸ் விற்கிறவர், அந்தியில் கோனார். "கொஞ்சம் பொறுத்துக்குங்கய்யா, தையல் நாளைக்கு முடிஞ்சிரும்" என்று இஞ்ஞாசி தலையைத் தூக்காமல் சொல்வார்.

ஊர் அதற்கென்று வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டது. ஆளே வந்து உட்காரும்போது படத்துக்கு எதற்கு மாலை என்று சுவரில் இருந்த படங்களைக் கழற்றினார்கள். அப்பாவின் ஹேண்டில்பாரில் பையை மாட்டக் கூடாது என்று பிள்ளைகளை அதட்டினார்கள். கல்யாணப் பத்திரிகையை முதலில் சைக்கிளின் கேரியரில் வைத்தார்கள், மண்டபத்தில் முதல் வரிசைக்குப் பக்கத்தில் சைக்கிளுக்கு இடம் விட்டார்கள். உயிரோடு இருந்தபோது தகப்பனை வெயிலில் நிறுத்திவைத்துப் பேசிய மகன்கள், வெயில் திரும்பத் திரும்பச் சைக்கிளை நிழல் பார்த்து நகர்த்தி வைத்தார்கள். வயதான காலத்தில் மிதிக்க வேண்டாமே என்று அப்பாவுக்கு ஆசையாக மொபெட் வாங்கிக்கொடுத்துச் சைக்கிளை எடைக்குப் போட்டவர்கள் யாரிடமும் பேசாமல் நடமாடினார்கள்.

செத்துப்போன பூட்டுப் பட்டறை ஆசாரி ஒருவருக்கு இரண்டு குடும்பம். மனைவிகள் இரண்டு பேரும் அவருடைய சீட்டோடு சேர்ந்தே இஞ்ஞாசியின் பட்டறைக்கு வந்தார்கள்.

"அண்ணே, இத ரெண்டா அறுத்துத் தர முடியுமா?" என்றாள் மூத்தவள்.

"அறுத்தா தோலுதான்க்கா மிஞ்சும்."

"அவரே அறுந்த வாலுதான்" என்றாள் இளையவள். மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாள் முறை வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எந்த வீட்டில் வைத்தாலும் ஸ்பிரிங் அமுங்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து இருவருக்கும் அது புரிந்தது. அந்த மூன்றாவது வீட்டைத் தேடுவதில் இருவரும் ஒற்றுமையானார்கள்.

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஆத்துமாவுக்கு எடை இருக்கான்னு மேல கேட்டிருக்கேன். பதில் வர்ற வரைக்கும், கோயில் ஸ்டாண்டுல வண்டிக்கு வண்டி கொஞ்சம் எடம் விட்டு நிப்பாட்டுங்க. நெருக்கி வச்சா அவங்களுக்குக் கஷ்டம்" என்றார்.

இத்தனைக்கும் நடுவில் திரேசம்மாள் தினமும் மூன்றரைக்கு வாசலுக்கு வந்தாள். படிக்குப் பக்கத்தில் பவுலினின் சைக்கிள் நின்றது. சீட் கண்ணாடி மாதிரி மின்னியது. ஸ்பிரிங்குகள் இரண்டும் புதுசு போல நிமிர்ந்து நின்றன. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போவாள். அவளிடமிருந்து ஒரு பேச்சும் கிடையாது. பேசியிருந்தால் இஞ்ஞாசி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, குழம்பை ஊற்றிக்கொண்டே, இன்றைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்கிற குரலில் சொன்னாள். "ஊர்ல ஒருத்தருக்கும் குழி எடுக்கல நீங்க. நம்ம புள்ளைக்கு மட்டும் ரெண்டு குழி எடுத்தாச்சு."

இஞ்ஞாசி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். பட்டறைக்குப் போய் அந்தச் சீட்டைக் கழற்றினார்.

குழியை எடுக்கத் தெரிந்தவனுக்குக் குழியை வைக்கத் தெரியாதா என்று நினைத்தார். தண்ணீர் வைத்தார். தோல் ஊறுகிற நேரத்தில் அது தன்னிடம் வந்த நாளை நினைத்துப் பார்த்தார். சிறுமலைப் பக்கம் இடித்த ஒரு பழைய பங்களாவின் சாமான்களோடு மூட்டையில் வந்தது. யார் ஓட்டியது என்று தெரியாது. அப்போதும் அதில் ஒரு குழி இருந்தது, நேரான, அகலமான குழி. நல்ல தடித்த தோல், பிள்ளைக்கு ஆகும் என்று அந்தக் குழியை எடுத்துவிட்டுத்தான் பவுலினின் சைக்கிளில் பூட்டியிருந்தார்.

ஊறிய தோலைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். "திரேசு, அவ எம்புட்டு சாஞ்சு உக்காருவா?"

திரேசம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் கையில் சொட்டிக்கொண்டிருந்த தோலைப் பார்த்தாள். அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு, மூலையில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடது காலை முன்னால் நீட்டி, இல்லாத படியில் ஊன்றினாள். இடுப்பை இடப்பக்கம் இறக்கினாள், தோளை அதற்குச் சரிக்கட்டுகிற மாதிரி வலப்பக்கம் ஏற்றினாள். கழுத்து தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு கை நீண்டு, காப்பி டம்ளர் வாங்குவதற்காகக் காத்திருந்தது.

"இம்புட்டு" என்றாள்.

இஞ்ஞாசியால் அங்கே நிற்க முடியவில்லை. இருந்தும் நின்று, நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

தோலை மடியில் போட்டுக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினார். நடுவில் அது தானாகவே ஒரு விரல் அளவுக்கு இறங்கிக் கொடுத்தது. தோல் மனசு வைக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அங்கிருந்து இடப்பக்கம் இறக்கிக்கொண்டு போனார். கொம்பால் தேய்த்தார், அரிசித் தவிட்டைத் துணியில் மூட்டை கட்டி அதன்மேல் கனமாக வைத்தார், நிழலில் உலர்த்தினார். பூட்டி முடித்ததும் திரேசம்மாளைக் கூப்பிட்டார். அவள் வந்து தடவிப் பார்த்தாள். இடப்பக்கம் வந்தபோது கை நின்றது. "இதான்" என்றாள்.

ஆனால் அன்றைக்கு மூன்றரைக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. அதற்கு முந்தின ஞாயிறு பிரசங்கத்தில் சாமியார் வருத்தப்பட்டிருந்தார். "எல்லாரும் வீட்டுலயே சைக்கிளப் பாத்துக்கிட்டு இருந்தா கல்லறையில முளைச்ச புல்ல யாரு பிடுங்குறது? அவங்க படுத்திருக்கிற எடத்தையும் வந்து பாருங்க." பாவம், நியாயம்தானே என்று ஊர் யோசித்தது. அவர்களையே கூட்டிக்கொண்டு போனால் அவர்களும் பார்த்த மாதிரி இருக்குமே என்று முடிவு செய்தது. திருநாள் காலையில் தோல்ஷாப் தெருவிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் சைக்கிள்களாகவே போயின. சாமி கும்பிடுகிற முறை வேறாக இருந்தவர்களும் தங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு துணைக்கு வந்தார்கள். தங்களுக்குப் பழகிய நேரத்தை அந்த ஒருநாள் விட்டுக்கொடுத்து எல்லாரும் சீட்டில் இருந்தார்கள். ஸ்பிரிங்குகள் அமுங்கி, டயர்கள் பிதுங்கி, மேட்டில் தள்ளுகிறவர்களுக்கு மூச்சு வாங்கியது. "அப்பா, கொஞ்சம் முன்ன தள்ளி உக்காருங்க, பின்னால இழுக்குது" என்று ஒருவன் சொல்லிக்கொண்டு போனான்.

திரேசம்மாள் பிடிவாதமாகப் பவுலினின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் இஞ்ஞாசியும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. சீட்டில் கனம் இல்லாததால் மேட்டில் அது தானாகவே ஏறியது. மற்றவர்கள் மூச்சிரைத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். ராக்கம்மாள் தன் மகனிடம் கோனாரைக் கொடுத்துவிட்டு வந்து, முந்தானையால் பவுலினின் சீட்டைத் துடைத்தாள்.

"வருவா, திரேசு. சின்னப் புள்ள. வழி கேட்டுக் கேட்டுல்ல வரணும்" என்றாள்.

கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது உச்சிவெயில். இஞ்ஞாசி சைக்கிளைப் படிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டுவிட்டு நிமிர்ந்தார். கிரீச்சென்று சத்தம் கேட்டது.

ஸ்பிரிங்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. இஞ்ஞாசி அவற்றையே பார்த்தார். இடப்பக்கம் முதலில் இறங்கவில்லை, வலப்பக்கம் யோசிக்கவில்லை. இரண்டும் ஒன்றாக, சமமாக, ஒரு கனத்த, நேரான, அலுத்துப்போன உடம்பின் கீழே இறங்குவது போல இறங்கி, சட்டத்தைத் தொட்டு நின்றன.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சீட்டில் அவர் முதன்முதலில் எடுத்த நேரான குழியின் சொந்தக்காரர்.

"ஏங்க" என்று உள்ளேயிருந்து திரேசம்மாள் ஓடிவந்தாள். நின்றாள். அமுங்கிய சீட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்கிற தைரியம் இஞ்ஞாசிக்கு இல்லை.

"இன்னைக்கு லீவுல்ல. அதான் வெள்ளனே வந்துட்டா" என்றார் அவர்.

அவள் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து படியில் வைத்தாள். ஆறிப்போன பிறகு அதை எடுத்து இஞ்ஞாசி குடித்தார். சீனி இல்லை. பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த ஆள் தினமும் உச்சிவெயிலில் வந்தார், விளக்கு வைக்கிற வரைக்கும் இருந்தார். போவதற்கு வேறு இடம் இல்லாதவர் இருக்கிற மாதிரி இருந்தார். இடித்த பங்களா, விற்ற சாமான், பேர் தெரியாத மனுஷன். எழுந்து போங்கள் என்று சொல்ல இஞ்ஞாசிக்கு வாய் வரவில்லை. திரேசம்மாளிடம் உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அவள் தினமும் காப்பி வைத்தாள். தெருவில் யாராவது கேட்டால், "வந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். வாசலைத் தாண்டும்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டு தாண்டினாள்.

அவளுக்கு ஸ்பிரிங் தெரியாது, குழிதான் தெரியும் என்று இஞ்ஞாசி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருந்தாலும் என்றைக்காவது ஒருநாள் உற்றுப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தார். ஒரு காலை அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ஸ்பேனரை எடுத்துவந்து உட்கார்ந்தார். வலப்பக்கத்து ஸ்பிரிங்குக்கு அடியில் இரண்டு வாஷர் வைத்து உயர்த்தினார், இடப்பக்கத்து நட்டைத் தளர்த்தினார். கையை வைத்து அழுத்திப் பார்த்தார். இடப்பக்கம் முதலில் இறங்கியது, வலப்பக்கம் யோசித்துவிட்டு அப்புறம் கொஞ்சமாக இறங்கியது. அப்படியே பவுலின்தான். இஞ்ஞாசி ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

உச்சிவெயிலில் அந்த ஆள் வந்தார். இடப்பக்கம் இறங்கியது. நின்றது. தடுமாறியது போல ஒரு தடவை மேலே வந்து, திரும்ப இறங்கியது. நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து பார்க்கிறார் என்று தெரிந்தது. கிரீச், கிரீச் என்று சத்தம் ஓயவே இல்லை.

திரேசம்மாள் காப்பியோடு வந்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சைக்கிளைப் பார்த்தாள், குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தாள். பிறகு இஞ்ஞாசியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கல்யாணமான புதிதில், விருந்தாளி முன்னால் அவர் சட்டை போடாமல் வந்து நின்றபோது பார்த்த பார்வை அது.

"வந்த மனுசன எதுக்குங்க கோணலா உக்கார வைக்கிறீங்க?" என்றாள் மெதுவாக.

இஞ்ஞாசியின் கண் வாஷர்களுக்குப் போனது.

"வயசானவரு. இடுப்பு வலிக்கும்ல."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. அவளா இருந்தா நான் வர்றதுக்கு முந்தி ரெண்டு தடவை பெல்லடிச்சிருப்பா." டம்ளரைப் படியில் வைத்தாள். "பெரியவரா இருப்பாருன்னு தோணுச்சு. அதான் சீனி போடல."

இஞ்ஞாசி ஸ்பேனரை எடுத்துவந்து மண்டியிட்டார். "ஒரு நிமிசம் எந்திரிங்கய்யா" என்றார். ஸ்பிரிங்குகள் மேலே வந்தன. வாஷர்களை உருவினார், நட்டை முறுக்கினார், கையால் அழுத்திப் பார்த்தார். நேராக இருந்தது. விலகிக்கொண்டார். அந்த ஆள் உட்கார்ந்தார். சத்தம் ஓய்ந்தது.

அவர்கள் இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். பவுலின் போன பிறகு அப்படிச் சேர்ந்து உட்கார்ந்தது அன்றுதான். திரேசம்மாள் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். படியில் விழுந்தது, அழாமல் எழுந்து நொண்டிக்கொண்டே வந்தது, முட்டை அட்டையைக் கட்டுவதற்குத் தன் தாவணியைக் கிழித்தது. மகராணி மூன்றரைக்கு வருவாள் என்றும், இறங்காமலே கையை நீட்டுவாள் என்றும், ஒரு கரண்டி சீனி அவளுக்குப் பத்தாது என்றும் சொன்னாள். இஞ்ஞாசியிடம் சொன்னாளா, சைக்கிளிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. வெயில் சரிந்து படியை விட்டு இறங்கியது.

மூன்றரை ஆனது. விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்காத அந்த ஆள் அப்போது எழுந்தார். ஸ்பிரிங்குகள் இரண்டும் நிமிர்ந்தன. சீட் காலியாக இருந்தது. தெருமுனையிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வருகிறவர்களின் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகப் பெல்லடித்துக்கொண்டு கடந்து போயின. திரேசம்மாள் பேச்சை நிறுத்தியிருந்தாள். இருவரும் சீட்டின் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெரு அடங்கியது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு ஸ்பிரிங்குகளும், ஒன்றாக, சமமாக, தயங்கித் தயங்கி, சத்தம் வராமல் அமுங்கின.